கூலியும் குரலும்: ஷான் கானரியின் திரைவாழ்க்கை

1971ஆம் ஆண்டு யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் நிறுவனம் ஷான் கானரியோடு ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டது. ஜேம்ஸ் பாண்ட் வேடமே வேண்டாம் என்று உதறிவிட்டுப் போயிருந்த நடிகர், ‘டைமண்ட்ஸ் ஆர் ஃபாரெவர்’ என்ற ஒரே ஒரு படத்துக்காக அந்த வேடத்துக்குத் திரும்பி வரவேண்டும். அதற்குச் சம்பளம் 12.5 இலட்சம் டாலர். இலாபத்தில் பங்கு தனி. படப்பிடிப்பு குறித்த நாளைத் தாண்டி இழுத்தால் ஒவ்வொரு வாரத்துக்கும் கூடுதல் பணம். இவற்றோடு, கானரி தாமே தேர்ந்தெடுக்கும் இரண்டு படங்களுக்கு நிறுவனம் முதல் போட வேண்டும் என்பதும் பேச்சு. அந்தக் காலத்தில் ஒரு நடிகருக்குக் கொடுக்கப்பட்ட மிகப் பெரிய சம்பளமாக அது பேசப்பட்டது. அந்தச் சம்பளத்தை அவர் வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. ஸ்காட்லாந்து இளைஞர்களின் படிப்புக்கும் கலைப் பயிற்சிக்கும் உதவுவதற்காகத் தாமும் சேர்ந்து தொடங்கிய ஸ்காட்டிஷ் சர்வதேசக் கல்வி அறக்கட்டளைக்கு அதைக் கொடுத்துவிட்டார்.

பேரத்தில் ஒரு காசு விடாமல் கறந்து, கறந்ததை மறுகையால் தூக்கிக் கொடுத்த இந்த மனிதரைப் புரிந்துகொள்ள அவருடைய பாண்ட் படங்களை மட்டும் பார்த்தால் போதாது. ஏறத்தாழ 50 ஆண்டுகள் நீண்ட அவருடைய தொழில் வாழ்க்கையில் இரண்டு விஷயங்களை அவர் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை: ஒன்று, செய்த வேலைக்கு உரிய கூலி, மற்றொன்று, பிறந்த தெருவிலிருந்து கொண்டுவந்த குரல். அவர் எடுத்த நல்ல முடிவுகளும் மோசமான முடிவுகளும் பெரும்பாலும் இந்த இரண்டிலிருந்து கிளைத்தவை என்பதே என் கணிப்பு.

அந்தத் தெரு எடின்பரோ நகரத்தின் ஃபவுண்டன்பிரிட்ஜ். நகரத்தின் மேல்தட்டு வீதிகளிலிருந்து நடந்து போகும் தூரத்தில்தான் இருந்தது என்றாலும் அது வேறு உலகம். ஒரு பக்கம் பீர் ஆலை, மறு பக்கம் ரப்பர் ஆலை. இரண்டின் வாடையும் கலந்த காற்று. தாமஸ் ஷான் கானரி 1930 ஆகஸ்ட் 25 அன்று அங்கே பிறந்தார். தந்தை ஜோசப் ஆலைத் தொழிலாளி, பிறகு லாரி ஓட்டுநர். தாய் யூஃபீமியா வீடுகளைச் சுத்தம் செய்யும் வேலை பார்த்தவர். பல குடும்பங்கள் அடுக்கடுக்காக வாழ்ந்த கட்டடத்தில் அவர்களுக்கென இருந்தது இரண்டு அறைகள். வெந்நீர் கிடையாது, கழிப்பறை பொது. தொட்டில் வாங்க வசதியில்லாமல், அலமாரியின் கீழ் இழுப்பறையில் துணி விரித்துத்தான் குழந்தையைப் படுக்கவைத்தார்கள்.

பள்ளிப் படிப்பு 13 வயதோடு முடிந்தது. செயின்ட் கத்பர்ட்ஸ் கூட்டுறவுச் சங்கத்தின் பால்வண்டியில் வேலை. குதிரை பூட்டிய வண்டி. விடியற்காலையில் வாசல் வாசலாகப் பால் புட்டி வைத்த இடங்களில் ஃபெட்டிஸ் என்ற பணக்காரப் பிள்ளைகளின் உறைவிடப் பள்ளியும் ஒன்று. இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். கதையில் இது மறுபடியும் வரும்.

16 வயதில் கடற்படையில் சேர்ந்தார். கையில் இரண்டு பச்சை குத்திக்கொண்டார், ஒன்று தாய் தந்தைக்கு, மற்றொன்று ஸ்காட்லாந்துக்கு. வயிற்றுப் புண் காரணமாக 19 வயதிலேயே திருப்பி அனுப்பப்பட்டார். அதன்பின் லாரி ஓட்டினார், நீச்சல் குளத்தில் காவலுக்கு நின்றார், சவப்பெட்டிகளுக்கு மெருகு போட்டார், எடின்பரோ கலைக் கல்லூரி மாணவர்கள் வரைவதற்காக மணிக்கணக்கில் அசையாமல் நின்றார். இப்படிச் சேர்த்த உடற்கட்டோடு 1953இல் மிஸ்டர் யுனிவர்ஸ் போட்டிக்காக லண்டன் போனபோது, ‘சவுத் பசிபிக்’ என்ற இசை நாடகத்துக்குக் கட்டுமஸ்தான ஆட்கள் தேவை என்று கேள்விப்பட்டுக் கோரஸில் சேர்ந்தார். அந்த நாடகக் குழு ஊர் ஊராகச் சுற்றிய நாட்களில்தான் நடிப்பு ஒரு வாழ்நாள் தொழிலாகலாம் என்று அவருக்குத் தோன்றியது. கால்பந்தாட்டத்தில் அவருக்கு இருந்த திறமையைப் பார்த்து மான்செஸ்டர் யுனைடெட் மேலாளர் மாட் பஸ்பி அழைத்ததாகவும், கால்பந்து வீரனின் ஆயுள் 30 வயதோடு முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டு மறுத்துவிட்டதாகவும் கானரி பின்னாளில் சொன்னார். 23 வயது இளைஞனுக்கு அது சாதாரணக் கணக்கன்று.

குழுவில் இருந்த ராபர்ட் ஹெண்டர்சன் என்ற அமெரிக்க நடிகர் அவருக்கு ஒரு வாசிப்புப் பட்டியல் போட்டுக் கொடுத்தார். இப்சன், டால்ஸ்டாய், ப்ரூஸ்ட், ஜாய்ஸ். பள்ளியை 13 வயதில் விட்டவர், நாடகம் நடந்த ஊர்களின் பொது நூலகங்களில் பகல் முழுக்க உட்கார்ந்து அவற்றைப் படித்தார். பிறகு லண்டனில் யாட் மால்ம்கிரென் என்ற நடனக் கலைஞரிடம் உடல் அசைவுகளைப் பயின்றார். பலரும் கவனிக்கத் தவறும் பயிற்சி இது. கானரியின் நடையைப் பிறவியில் வந்த அழகு என்று எழுதுவார்கள். 6 அடி 2 அங்குல உயரமும் அதற்கேற்ற கனமும் உள்ள ஓர் உடல் ஓசையில்லாமல் நடப்பது உழைத்துக் கற்ற வித்தை.

1957இல் பிபிசி தொலைக்காட்சி ஒரு குத்துச்சண்டை வீரனின் வீழ்ச்சியைச் சொல்லும் நாடகத்தை நேரடியாக ஒளிபரப்பியது. அதில் நடிக்க வேண்டிய அமெரிக்க நடிகர் ஜாக் பேலன்ஸ் வரமுடியாமல் போக, கானரிக்கு அந்த முதன்மை வேடம் வந்தது. அதன்பின் பிபிசியில் ஷேக்ஸ்பியரின் ஹாட்ஸ்பர், ‘அன்னா கரேனினா’வில் விரான்ஸ்கி என்று நல்ல வேடங்கள் கிடைத்தன. திரைப்படத் தயாரிப்பாளர்களோ அவரை அடியாளாகவும் லாரிக்காரனாகவுமே பார்த்தார்கள். காரணம் அந்தக் குரல். இங்கிலாந்தின் நாடகப் பள்ளிகள் சொல்லிக்கொடுத்த தெளிந்த ஆங்கிலம் அவர் வாயில் வரவில்லை. ‘ர’ உருளும், ‘ஸ’ ஒலி ‘ஷ’ பக்கம் சாயும். பிழைப்புக்காக உச்சரிப்பை மாற்றிக்கொண்ட பிரிட்டிஷ் நடிகர்கள் எத்தனையோ பேர். இவர் மாற்றிக்கொள்ளவில்லை. உச்சரிப்பைத் துலக்கினார், வேகத்தைக் குறைத்தார், ஊரை மட்டும் அதிலிருந்து எடுத்துவிடவில்லை.

இந்த நிலையில்தான் ஆல்பர்ட் பிராக்கொலி, ஹாரி சால்ட்ஸ்மேன் என்ற இரு தயாரிப்பாளர்கள், இயன் ஃபிளெமிங்கின் உளவு நாவல்களைப் படமாக்க ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள். பேச்சுவார்த்தைக்குக் கசங்கிய உடையில் வந்த கானரி, மேசையைத் தட்டிப் பேசினார். சோதனைப் படப்பிடிப்புக்கு வரமாட்டேன் என்றார். அவர் வெளியேறியபின் இருவரும் சன்னலோரம் நின்று, அவர் தெருவைக் கடந்து போன நடையைப் பார்த்து முடிவுக்கு வந்தார்கள் என்பது பிராக்கொலி திரும்பத் திரும்பச் சொன்ன கதை. நாவலாசிரியருக்கு முதலில் பிடிக்கவில்லை. அவர் கற்பனை செய்திருந்த பாண்ட், மேட்டுக்குடி ஆங்கிலேயக் கனவான். பால்வண்டிக்காரப் பையனுக்கும் அந்தக் கனவானுக்கும் இடையே இருந்த தொலைவைக் கடக்க உதவியவர் இயக்குநர் டெரன்ஸ் யங். கேம்பிரிட்ஜில் படித்தவர், போரில் அதிகாரியாக இருந்தவர், உடுப்பதிலும் உண்பதிலும் தேர்ந்த ரசனைக்காரர். தம் தையல்காரர் ஆண்டனி சின்கிளேரிடமே கானரியை அழைத்துப் போய் சூட்டு தைக்கக் கொடுத்தார். உடை உடம்போடு ஒட்ட வேண்டும் என்பதற்காக அதைப் போட்டுக்கொண்டே தூங்கச் சொன்னார் என்றும் சொல்வார்கள்.

1962 அக்டோபர் 5 அன்று லண்டனில் வெளியான ‘டாக்டர் நோ’வில் பாண்ட் அறிமுகமாகும் காட்சியை இன்று நிதானமாகப் பார்த்தால் எத்தனை கணக்கோடு அது அமைக்கப்பட்டிருக்கிறது என்பது விளங்கும். சூதாட்ட விடுதி. எதிரே சிவப்பு உடையில் ஒரு பெண். கேமரா நாயகனின் முதுகைக் காட்டுகிறது, தோளைக் காட்டுகிறது, சீட்டைத் திருப்பும் விரல்களைக் காட்டுகிறது. முகத்தைக் காட்ட மறுக்கிறது. அவர் அந்தப் பெண்ணின் பெயரைக் கேட்கிறார். அவள் முதலில் குடும்பப் பெயரைச் சொல்லி, ஒரு கணம் விட்டு, முழுப் பெயரைச் சொல்கிறாள். அவள் பதிலுக்குக் கேட்கும்போதுதான், உதட்டில் சிகரெட்டைப் பற்றவைத்தபடி அந்த முகம் முதன்முறையாகத் திரைக்கு வருகிறது. அவரும் அதே முறையில் குடும்பப் பெயரை முன்னால் போட்டு, ஓர் இடைவெளி விட்டு, முழுப் பெயரைச் சொல்கிறார். உலகம் முழுக்கப் பிரபலமான அந்த வாக்கியம், எதிரே இருந்த பெண் பேசிய முறையை அப்படியே திருப்பிக் கொடுத்த மெல்லிய கேலிதான். கானரி அதை அழுத்தவில்லை. பாதி மூடிய உதடுகளுக்கிடையே கசிய விடுகிறார். நாவல்களில் நகைச்சுவை குறைவாக இருந்த பாண்டுக்கு, தன் அழகையே சற்றுத் தள்ளி நின்று ரசிக்கும் குணத்தைக் கொடுத்தவர்கள் யங்கும் கானரியும். மேட்டுக்குடி நடிகர் ஒருவர் அந்த வேடத்தில் இயல்பாகப் பொருந்தியிருப்பார், பொருந்தியதோடு நின்றிருப்பார். வெளியாளாக அந்த உலகத்துக்குள் நுழைந்தவருக்குத்தான் அதன் ஆடம்பரம் முழுவதும் ஒரு வேட்டையாகத் தெரிந்தது.

ஃபிளெமிங்கும் மனம் மாறினார். 1964இல் வெளியான நாவலில் பாண்டின் தந்தை ஸ்காட்லாந்தின் கிளென்கோவைச் சேர்ந்தவர் என்று எழுதினார். அதே நாவலில், ஈட்டனிலிருந்து வெளியேற நேர்ந்த பாண்ட் அடுத்துப் படித்த பள்ளி ஃபெட்டிஸ்! கானரி பால் ஊற்றிய அதே பள்ளி.

முதல் படத்துக்கு அவர் வாங்கியது சுமார் 6,000 பவுண்டு. ‘ஃப்ரம் ரஷ்யா வித் லவ்’, ‘கோல்ட்ஃபிங்கர்’, ‘தண்டர்பால்’ என்று ஆண்டுக்கு ஒரு படம் வந்தது. வசூல் படத்துக்குப் படம் ஏறியது. உலகெங்கும் உளவாளிப் படங்கள் முளைத்தன. தமிழில் ஜெய்சங்கருக்குத் ‘தென்னகத்து ஜேம்ஸ்பாண்ட்’ என்ற பட்டம் வந்ததும் இந்த அலையில்தான். தயாரிப்பாளர்கள் கோடீஸ்வரர்கள் ஆனார்கள். ஊதியம் உயர்ந்தாலும், தம் முதுகில் ஏறிய இலாபத்தில் தமக்கு உரிய பங்கு வரவில்லை என்ற கசப்பு கானரிக்கு வளர்ந்துகொண்டே போனது. 1967இல் வெளிவந்த ‘யூ ஒன்லி லிவ் ட்வைஸ்’ படத்துக்காக ஜப்பானில் இருந்தபோது, பத்திரிகைப் புகைப்படக்காரர்கள் கழிப்பறை வரை பின்தொடர்ந்தார்கள். தயாரிப்பாளர் தளத்துக்குள் வந்தால் நடிக்கமாட்டேன் என்ற அளவுக்கு உறவு முறிந்தது. அந்தப் படத்தோடு விலகினார்.

இதைப் புகழ் தலைக்கேறிய நடிகரின் முரண்டு என்று அன்றைய பத்திரிகைகள் சில எழுதின. அதே ஆண்டில் அவர் செய்த இன்னொரு வேலையைப் பார்த்தால் அப்படிச் சொல்ல மனம் வராது. கிளாஸ்கோவின் கோவன் பகுதியில் இருந்த ஃபேர்ஃபீல்ட் கப்பல் கட்டும் தளம் திவாலாகி, தொழிலதிபர் இயன் ஸ்டூவர்ட்டின் முயற்சியால் மீட்கப்பட்டிருந்தது. நிர்வாகமும் தொழிற்சங்கமும் ஒரே மேசையில் உட்கார்ந்து முடிவெடுக்கும் புது முறையை அங்கே சோதித்தார்கள். உலகத்தின் மிகப் பிரபலமான நடிகர், அந்தச் சோதனையைப் பற்றி ஸ்காட்டிஷ் தொலைக்காட்சிக்கு ஒரு ஆவணப்படம் எடுத்தார். ‘தி பவுலர் அண்ட் தி பன்னட்’ என்று பெயர்; முன்னது மேலாளர் அணியும் வட்டத் தொப்பி, பின்னது தொழிலாளி அணியும் துணித் தொப்பி. அவர் இயக்கிய ஒரே படம் அதுதான். ஆளில்லாத கப்பல் தளத்தில் மிதிவண்டி ஓட்டிக்கொண்டு வரும் கானரி, பாண்டின் சூட்டு இல்லாமல், தலையில் தொழிலாளியின் தொப்பியோடு, தம் சொந்த உச்சரிப்பில் பேசுகிறார். கூலி என்பது கௌரவத்தின் இன்னொரு பெயர் என்று நம்பிய ஒருவர் எடுத்த படம் அது. கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன அறக்கட்டளையும் இந்த இயன் ஸ்டூவர்ட்டோடு ஏற்பட்ட நட்பில் பிறந்ததே.

பாண்டுக்கு நடுநடுவே அவர் தேடிய படங்களில் ஹிட்ச்காக்கின் ‘மார்னி’யைத்தான் பலரும் குறிப்பிடுவார்கள். நான் 1965இல் வந்த ‘தி ஹில்’ படத்தைச் சொல்வேன். சிட்னி லூமெட் இயக்கியது. இருவரும் சேர்ந்து செய்த ஐந்து படங்களில் முதலாவது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் பிரிட்டிஷ் ராணுவம் தன் சொந்தச் சிப்பாய்களை அடைத்துவைத்த சிறை. அதன் நடுவே மணலைக் குவித்துக் கட்டிய ஒரு மேடு. கைதிகள் முழுச் சுமையோடு அந்த மேட்டில் ஏறி, மறுபக்கம் இறங்கி, திரும்பி, மீண்டும் ஏற வேண்டும். கறுப்பு வெள்ளைப் படம். பின்னணி இசையே கிடையாது. அதிகாரிகளின் கத்தல், பூட்ஸ் ஓசை, மூச்சிரைப்பு மட்டும். கானரிக்கு, வீரர்களைச் சாவுக்கு அனுப்பும் உத்தரவை நிறைவேற்ற மறுத்துச் சிறைக்கு வந்த சார்ஜென்ட் மேஜர் வேடம். டோப்பா இல்லை, புன்னகை இல்லை. இருபதுகளின் தொடக்கத்திலேயே முடி கொட்டத் தொடங்கிய அவர் எல்லா பாண்ட் படங்களிலும் டோப்பா வைத்தே நடித்தார்; இங்கே ஒட்ட வெட்டிய தலையும் புழுதி படிந்த முகமுமாக நிற்கிறார். படத்தின் பெரும்பகுதியில் அவர் கத்துவதில்லை. மற்றவர்கள் கத்தும்போது கவனித்துக்கொண்டிருக்கிறார். மணல்மேட்டில் விழுந்த சக கைதியை ஏறிட்டுப் பார்க்கும் அந்தப் பார்வையில் இருப்பது, வேலை வாங்குபவனை நன்கு அறிந்த ஒரு தொழிலாளியின் அடக்கிய கோபம். படத்துக்கு 1965 கான் திரைப்பட விழாவில் திரைக்கதைக்கான பரிசு கிடைத்தது, கூட்டம் வரவில்லை. பாண்டைப் பார்க்க வரிசையில் நின்றவர்கள் இந்த மனிதரைப் பார்க்க விரும்பவில்லை.

யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் ஒப்புக்கொண்ட இரண்டு படங்களில் ஒன்று மட்டுமே வெளிவந்தது. 1973இல் வந்த ‘தி அஃபென்ஸ்’. குழந்தைகளைச் சீரழித்தவன் என்று சந்தேகிக்கப்படும் ஒருவனை விசாரணை அறையில் அடித்தே கொன்றுவிடும் போலீஸ்காரனின் கதை. விசாரிப்பவனுக்கும் விசாரிக்கப்படுபவனுக்கும் இடையிலுள்ள வேறுபாடு கொஞ்சம் கொஞ்சமாக அழிவதைப் படம் காட்டுகிறது. அழகான நடிகர் ஒருவர் தம்மை இவ்வளவு அருவருப்பாகக் காட்டிக்கொள்ளத் துணிந்தது அரிது. இயக்கியவர் மறுபடி லூமெட். வணிகத்தில் படுத்துவிட்டது. இரண்டாவதாக அவர் எடுக்க நினைத்தது ‘மேக்பெத்’. ரோமன் போலன்ஸ்கி அதே நாடகத்தை அதற்குள் படமாக்கிவிட்டதால் அது கைவிடப்பட்டது. ஸ்காட்லாந்தின் மன்னனாக அந்தக் குரலை நாம் கேட்காமல் போனது எனக்கு இன்றும் வருத்தம்தான்.

எழுபதுகளின் நடுவே, 45 வயதில், அவர் செய்த தேர்வுதான் அவருடைய பிற்காலத்தைத் தீர்மானித்தது. இளமையை ஒட்டவைத்துக்கொள்வதற்குப் பதிலாக முன்கூட்டியே முதுமைக்குள் நுழைந்தார். 1976இல் வந்த ‘ராபின் அண்ட் மரியன்’ படத்தில் நரைத்த தாடியும் மூட்டுவலியுமாகச் சிலுவைப் போரிலிருந்து வீடு திரும்பும் ராபின் ஹூட். காலம் கடந்து மரியனைத் தேடிப் போகும் அவர் எதிரே ஆட்ரி ஹெப்பர்ன். வாள் சண்டையில் இரண்டு கிழவர்கள் மூச்சு வாங்கி, ஒருவரையொருவர் தாங்கிக்கொண்டு நிற்கும் காட்சியில் வீரம் எவ்வளவு, களைப்பு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது.

அதற்கு முந்தைய ஆண்டு வந்தது ஜான் ஹஸ்டனின் ‘தி மேன் ஹூ வுட் பி கிங்’. கிப்ளிங்கின் கதை. பிரிட்டிஷ் இந்தியாவின் இரண்டு முன்னாள் சிப்பாய்கள், ஆப்கானிஸ்தானுக்கு அப்பால் காஃபிரிஸ்தானுக்குப் போய் அரசர்களாக ஆசைப்படுகிறார்கள். ஹஸ்டன் இதை முன்பு ஹம்ஃப்ரி போகார்ட், கிளார்க் கேபிள் ஜோடியை வைத்து எடுக்க எண்ணியிருந்தார். காலம் கடந்தபின் பால் நியூமேனிடம் கேட்டபோது, பிரிட்டிஷ் நடிகர்களைத்தான் போட வேண்டும் என்று சொல்லி கானரி, மைக்கேல் கேன் பெயர்களைக் கொடுத்தவர் அவரே. மொரோக்கோவின் மலைகளில் படமாக்கினார்கள். வழிகாட்டியும் மொழிபெயர்ப்பாளருமான கூர்க்கா வீரனாக நம் சயீத் ஜாஃப்ரி. கானரி ஏற்ற டேனியல் டிராவட் முதலில் கோமாளித்தனமான முரடன். அம்பு பட்டும் சாகாததைக் கண்ட மக்கள் அவனைக் கடவுள் என்று வணங்க ஆரம்பித்ததும், அவனும் அதை நம்பத் தொடங்குகிறான். இந்த மாற்றத்தைக் கானரி எந்த ஆர்ப்பாட்டமும் இல்லாமல் செய்கிறார்: முதுகு சற்று நிமிர்கிறது, பேச்சில் நிதானம் வருகிறது, நண்பனைப் பார்க்கும் கண்ணில் கருணை வருகிறது; அந்தக் கருணைதான் பயங்கரம். கடைசியில் கயிற்றுப் பாலத்தின் நடுவே நின்று, வெட்டுங்கள் என்று உத்தரவிட்டுப் பாடிக்கொண்டே சாகும்போது, அந்த முட்டாள் உண்மையிலேயே அரசனாகிவிடுகிறான். அவருடைய எல்லாப் படங்களிலும் எனக்கு முதலாவது இதுதான். இந்தப் படத்திலும் இலாபப் பங்கு சரியாக வரவில்லை என்று கானரியும் கேனும் 1978இல் வழக்குப் போட்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். கணக்கில் பிசகு கண்டால் எதிரி எவ்வளவு பெரிய நிறுவனம் என்று அவர் பார்த்ததில்லை.

அதன்பின் சில ஆண்டுகள் சரிவு. அந்தப் படங்களை விரித்துச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. 1983இல், ‘தண்டர்பால்’ கதையின் உரிமையை வைத்திருந்தவர்கள் எடுத்த ‘நெவர் ஸே நெவர் அகெய்ன்’ படத்தில் 53 வயதில் ஏழாவது முறையாகப் பாண்ட் ஆனார். இனி ஒருபோதும் அந்த வேடம் போடமாட்டேன் என்று சொல்லியிருந்தவருக்கு, ‘ஒருபோதும் என்று சொல்லாதே’ என்ற பொருளில் அந்தத் தலைப்பைக் கொடுத்தவர் அவர் மனைவி மிஷெலின்.

உம்பர்ட்டோ ஈக்கோவின் நாவலைப் படமாக்கிய ஜான் ஜாக் அன்னோ, துறவி வில்லியம் வேடத்துக்குக் கானரியைத் தேர்ந்தெடுத்ததும் ஒரு ஹாலிவுட் நிறுவனம் முதலீட்டைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அந்த அளவுக்கு அவருடைய சந்தை மதிப்பு விழுந்திருந்தது. 1986இல் வந்த அந்த ‘தி நேம் ஆஃப் தி ரோஸ்’ அவருக்குப் பிரிட்டனின் பாஃப்டா விருதைப் பெற்றுத் தந்தது. அடுத்த ஆண்டு பிரையன் டி பால்மாவின் ‘தி அன்டச்சபிள்ஸ்’ வந்தது. சிகாகோவில், பதவி உயர்வே இல்லாமல் தெருவில் ரோந்து சுற்றும் ஐரிஷ் வம்சாவளிக் காவலர் ஜிம் மலோன். இரவில் பாலத்தின் மேல் நின்று காகிதத்தைக் கசக்கி எறியும் இளம் அதிகாரியை அவர் அதட்டுவதில் அவர்கள் உறவு தொடங்குகிறது. அந்த அதிகாரியாக வரும் கெவின் காஸ்ட்னர் நேர்மையைப் பேசுகிறார். நேர்மைக்கு என்ன விலை கொடுக்க வேண்டும் என்று கானரி அவருக்குப் பாடம் நடத்துகிறார். அந்த வேடத்துக்காக 1988 ஏப்ரலில் சிறந்த துணை நடிகருக்கான ஆஸ்கர் விருதை வாங்க அவர் மேடையேறியபோது அரங்கமே எழுந்து நின்றது. அவர் பெற்ற ஒரே ஆஸ்கர் அது.

மலோன் பேசும் ஐரிஷ் உச்சரிப்பில் ஸ்காட்லாந்துதான் கேட்கிறது. ஒரு பிரிட்டிஷ் திரைப்பட இதழின் கருத்துக் கணிப்பில் திரையின் மோசமான உச்சரிப்புகளில் முதலிடமே அதற்குக் கொடுத்தார்கள். கானரி அதை மாற்ற முனையவில்லை. மொரோக்கோவின் பெர்பர் தலைவன், நார்வேயின் துருவப் பயணி ஆமுண்ட்சென், கிரேக்க மன்னன் அகமெம்னன், எகிப்தில் பிறந்த சாகாவரம் பெற்ற வாள்வீரன் என்று யாராக நடித்தாலும் எடின்பரோதான் பேசியது. 1990இல் வந்த ‘தி ஹன்ட் ஃபார் ரெட் அக்டோபர்’ படத்தில் அவர் சோவியத் நீர்மூழ்கிக் கப்பலின் தலைவர். தொடக்கத்தில் ரஷ்ய மொழியில் பேசுகிறார்கள். ஓர் அதிகாரி புத்தகம் ஒன்றை உரக்க வாசிக்கும்போது கேமரா அவர் வாயை நெருங்குகிறது. ‘ஆர்மகெடான்’ என்ற, இரு மொழிக்கும் பொதுவான சொல்லில் வாசிப்பு ஆங்கிலத்துக்கு மாறுகிறது. அதன்பின் கானரி பேசுவது ஃபவுண்டன்பிரிட்ஜ் ஆங்கிலம். பார்ப்பவர்களுக்கு உறுத்தவில்லை. தேர்ந்த நடிகர் குரலை மாற்றி வேடத்துக்குள் மறைவார் என்பது பொது விதி. அது சரியான விதியும்கூட. கானரி பாத்திரத்தின் உள்ளத்தை நடையாலும் பார்வையாலும் மௌனத்தாலும் கட்டி, குரலை அப்படியே விட்டுவைத்தார். அது குறை என்பவர்களோடு எனக்குச் சண்டையில்லை. ஆனால் அந்த ஒரே குரலுக்குள் ராபினின் களைப்பும் டிராவட்டின் மமதையும் வெவ்வேறாகக் கேட்பதை அவர்கள் காது கொடுத்துக் கேட்க வேண்டும்.

‘இண்டியானா ஜோன்ஸ் அண்ட் தி லாஸ்ட் குரூசேட்’ படத்தில் ஹாரிசன் ஃபோர்டுக்குத் தந்தையாக நடித்தபோது இருவருக்கும் இடையே 12 வயதுதான் வித்தியாசம். துரத்தி வரும் போர் விமானத்தைக் கடற்கரையில் குடையை விரித்துப் பறவைக் கூட்டத்தைக் கிளப்பி விழவைத்துவிட்டு, அதே குடையைத் தோளில் சாய்த்துக்கொண்டு அந்தப் பேராசிரியர் நடந்து வருவார். பாண்டின் நடையை அவிழ்த்துப் போட்ட நடை அது.

அவர் வாழ்க்கையில் கறையும் உண்டு. அதை மறைத்து எழுதுவது முறையாகாது. பெண்ணை அறைவதில் தவறில்லை என்று 1965இல் ஒரு பத்திரிகைப் பேட்டியில் சொன்னார். 1987இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் அது பற்றிக் கேட்டபோதும் பின்வாங்கவில்லை. முதல் மனைவி, நடிகை டயேன் சிலென்ட்டோ, தம்மை அடித்துத் துன்புறுத்தினார் என்று தன்வரலாற்றில் எழுதினார், கானரி மறுத்தார். ‘கோல்ட்ஃபிங்கர்’ படத்தில் வைக்கோல் கொட்டகையில் மறுக்கும் பெண்ணைப் பலவந்தமாக வெல்லும் காட்சியை அன்று கைதட்டி ரசித்தார்கள். இன்று மனம் ஒப்பிப் பார்க்க முடியவில்லை. உழைப்பவனின் மானத்தைப் பற்றி அத்தனை கூர்மையாக உணர்ந்தவருக்கு இது உறைக்காமல் போனது என்னை உறுத்துகிறது.

ஸ்காட்லாந்து தனி நாடாக வேண்டும் என்று வெளிப்படையாகப் பேசி, ஸ்காட்டிஷ் தேசியக் கட்சியை ஆதரித்தார். வெளிநாட்டில் குடியிருந்துகொண்டு இதைப் பேசுகிறாரே என்று எதிராளிகள் கேட்டபோது, பிரிட்டனில் தாம் கட்டிய வரியின் கணக்கை 2003இல் பகிரங்கமாக வெளியிட்டார். 1997க்குப் பின் ஆறு ஆண்டுகளில் 37 இலட்சம் பவுண்டு. இதிலும் கணக்குப் புத்தகம்தான் அவருடைய பதில். 2000ஆம் ஆண்டு எடின்பரோவின் ஹோலிரூட் அரண்மனையில் ‘சர்’ பட்டம் பெற்றார்.

தொண்ணூறுகளில் தம் படங்களுக்குத் தாமே தயாரிப்புப் பொறுப்பும் ஏற்கத் தொடங்கினார். அதற்காக வைத்த நிறுவனத்துக்கு அவர் இட்ட பெயர் ஃபவுண்டன்பிரிட்ஜ் ஃபிலிம்ஸ். பங்கு கேட்டு வழக்காடியவர் கடைசியில் முதலாளி நாற்காலியில் பிறந்த தெருவின் பெயரை உட்காரவைத்தார். ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ படத்தில் காண்டால்ஃப் என்ற மந்திரவாதியின் வேடம் தேடி வந்தபோது, கதை புரியவில்லை என்று விட்டுவிட்டார். அந்தத் தவறு மறுபடி நேரக்கூடாது என்று, அதேபோலப் புரியாத இன்னொரு கதையை ஒப்புக்கொண்டார். அதுதான் 2003இல் வந்த ‘தி லீக் ஆஃப் எக்ஸ்ட்ரார்டினரி ஜென்டில்மென்’. அதில் கேப்டன் நீமோவாக நசீருதீன் ஷா நடித்தார். பிராக் நகரத்துப் படப்பிடிப்பில் வெள்ளம் புகுந்தது; இயக்குநரோடு ஓயாத சச்சரவு; படமும் ஓடவில்லை. அதோடு கேமராவுக்கு முன்னால் நிற்பதை நிறுத்திக்கொண்டார். இண்டியானா ஜோன்ஸின் அடுத்த படத்துக்கு அழைத்தபோதும் வரவில்லை.

‘தண்டர்பால்’ படப்பிடிப்புக்காக முதன்முதலில் போய் வந்த பஹாமாஸ் தீவுகளிலேயே குடியேறி, 2020 அக்டோபர் 31 அன்று அதன் தலைநகர் நாசோவில், 90ஆவது வயதில் காலமானார். ஓய்வுக்குப் பிறகும் அவர் இரண்டு முறை வேலைக்கு வந்தார். 2005இல் ‘ஃப்ரம் ரஷ்யா வித் லவ்’ கணினி விளையாட்டாக வந்தபோது, இளம் பாண்டின் உருவத்துக்குத் தம் 75 வயதுக் குரலைக் கொடுத்தார். 2012இல் ஸ்காட்லாந்தில் தயாரான ‘சர் பில்லி’ என்ற அசைவூட்டப் படத்தில், மலைநாட்டுக் கிராமம் ஒன்றில் வாழும் வயதான கால்நடை மருத்துவருக்குப் பின்னணி பேசினார். படத்தை விமர்சகர்கள் ஏற்கவில்லை. திரையரங்குகளிலும் அது நிற்கவில்லை. ஆனால் எத்தனையோ நாட்டுக்காரர்களாக நடித்த அந்தக் குரல், கடைசியாகச் சம்பளம் வாங்கிய வேலையில், ஒரு ஸ்காட்லாந்துக்காரராகவே பேசியது.